கனமா ஒண்ணு உக்காருது

கரண்ட் போனால் எங்கள் குடியிருப்பில் எல்லோரும் விசிறி தேடுவார்கள். அவள் ஒருத்திதான் காதைத் தீட்டிக்கொள்வாள். வாட்ச்மேன் அண்ணன் செருப்பை இழுத்துக்கொண்டு போய் ஜெனரேட்டரைக் கிளப்புகிற வரைக்கும் வாசலில் பேசாமல் நிற்பாள். கிளம்பியதும் சுவரில் உள்ளங்கையை வைத்து, பல்வலிக்காரி மாதிரி முகத்தை ஒரு பக்கம் சாய்த்து, "ரெண்டாவது மாடியில மிக்ஸி போட்டுட்டாங்க" என்பாள். போய்ப் பார்த்தால் இரண்டாவது மாடியில் தேங்காய்ச் சட்னி அரைபட்டுக்கொண்டிருக்கும்.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவளைக் கேட்காமல் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டதாகிவிடும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டது போதும்.

இரும்புலியூரில், ஜி.எஸ்.டி ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி எங்கள் குடியிருப்பு. பன்னிரண்டு வீடு. நான் மூன்றாவது மாடியில் சொந்த வீடு, அப்போது குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. அவள் கீழ்த்தளத்தில் வாடகைக்கு வந்தவள். ஜெனரேட்டர் கார் நிறுத்துமிடத்தின் மூலையில் இருக்கிறது. அதன் புகைக்குழாய் முடிகிற இடத்துக்கும் அவள் படுக்கையறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் நிறுத்தலாம், அவ்வளவுதான் இடைவெளி. கட்டிக்கொடுத்தவன் அந்த அறையில் படுக்கப்போகிறவன் இல்லையே, அவனுக்கு எங்கே தோன்றும்.

குடிவந்த மூன்றாம் நாள் காலை என் வீட்டு மணியை அடித்தாள். முப்பது வயதிருக்கும். தலையில் முக்காடு, மூன்று மாடி ஏறி வந்த மூச்சு.

"அக்கா, நாங்க கீழ் வூட்டுக்கு வந்திருக்கோம். உங்க வூட்ல கீசர் ஓடிகினு கீதா?"

குளித்து ஒரு மணி நேரமாகியிருந்தது. கீசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"மீட்டர் போர்டு கீழதான கா கீது. எல்லா மீட்டர்லயும் செகப்பு லைட்டு மெதுவா அடிக்குது. உங்களுது மட்டும் படபடனு அடிச்சிகினு கீது."

எனக்கு மூக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்த விஷயம். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கீசரை அணைக்க உள்ளே வந்துவிட்டாள். போகிற வழியில் யாரும் பார்க்காத டி.வி-யை அணைத்தாள். வெயில் அடிக்கிற ஜன்னலுக்குப் பக்கத்தில் எரிந்த ட்யூப்லைட்டை அணைத்தாள். ஆளில்லாத அறையில் சுற்றிய ஃபேனையும் நிறுத்திவிட்டு, குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டவள் மாதிரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "சும்மா ஓடுது கா" என்றாள்.

சும்மா ஓடுது. இரண்டு வருஷத்தில் இதை அவள் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. அவளுக்கு அது ஒரு வலி. நம் காலில் யாராவது மிதித்துக்கொண்டு நின்றால் பேச்சே ஓடாதே, அப்படி. எதிரே எங்கேயாவது ஒரு ஃபேன் வெறும் நாற்காலிக்குச் சுற்றிக்கொண்டிருந்தால் அவள் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவாள். கை தானாக ஸ்விட்சுக்குப் போகும்.

"இவ்வளவு எதுக்கும்மா உனக்கு? கரண்ட் உன் வீட்டுதா?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

அவள் பிறந்தது வடசென்னையில், அனல் மின் நிலையத்துச் சாம்பல் விழும் ஒரு தெருவில். "எங்கம்மா வூட்டு மாடியில வெள்ளச் சட்ட காயப்போட்டா சாம்பக் கலர்லதான் எடுப்போம். நீங்க இங்க ஃபேன மறந்துட்டு மார்க்கெட்டு போறீங்கல்ல, அது அங்க விழுது."

"என் ஒரு ஃபேனாலயா?"

"எல்லாருமே ஒரு ஃபேனுதான் கா மறக்கறாங்க."

நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பில் எதுவும் இல்லை.

எல்லோரும் என்னைப் போலப் போய்விடவில்லை. இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற ஒரு வங்கி அதிகாரி இருக்கிறார். சங்கத்தில் எல்லாவற்றுக்கும் முதல் ஆளாகக் கை தூக்குகிறவர். அவர் வீட்டு வாசல் விளக்கு பகலில் எரிகிறதென்று அவள் மணியடித்தபோது, "நீ என்ன மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவளா?" என்று கேட்டிருக்கிறார். "இல்ல சார், கீழ் வூடு" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டுத்தான் இறங்கினாளாம். அன்றைக்கு முழுக்க அவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பொருமினார்.

அவள் வீட்டுக்கு ஒருமுறை ஏதோ கையெழுத்து வாங்கப் போனேன். ஃபிரிட்ஜ் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நின்றது, பின்பக்கக் கம்பியில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. வாரத் துணி முழுக்க ஒரே நாளில் தேய்த்து அடுக்கியிருந்தது. அடுப்பில் குக்கர் இல்லை. கனமான ஒரு பாத்திரத்தில் அரிசியைக் கொதிக்கவிட்டு, மூடி போட்டு, மூடி மேல் அம்மிக்குழவியை ஏற்றி, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வெந்துடுச்சா?"

"பாதி வெந்துச்சு. மீதிய சூடே பாத்துக்கும். பிரியாணிக்கு தம் போடறோம்ல கா, சோத்துக்கும் அதேதான். நம்ம சும்மா இருந்தா போதும்."

மறுநாள் நானும் அப்படியே செய்தேன். சோறு வேகாமல் நறுக் நறுக்கென்று நின்றது. அவளிடம் போய்ப் புகார் சொன்னேன். "நடுவுல தொறந்து பாத்தீங்களா?" என்றாள். மூன்று முறை திறந்து பார்த்திருந்தேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சும்மா இருப்பது எனக்கு ஜென்மத்துக்கும் வராது.

அவள் மகள் பாப்பாவுக்கு அப்போது நான்கு வயது. வீசிங். அந்தச் சாம்பல் தெருவில் இருந்தால் பிள்ளை தேறாது என்று டாக்டர் சொல்லித்தான் தாம்பரம் பக்கம் வந்தார்கள். கணவன் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் கட்டிங் வேலை, அவனுக்கும் பக்கம். காற்று நன்றாக இருக்கும் என்று நம்பி வந்து இறங்கின இடத்தில் ஜன்னலுக்கு நேரே ஜெனரேட்டர் குழாய். வீடு பார்க்க வந்த அன்றைக்குக் கரண்ட் இருந்ததே, அதனால் தெரியவில்லை.

மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை ஷட்டவுன் என்று மின்சாரத்தை நிறுத்துவார்கள். கோடையில் சொல்லாமலும் போகும். ஜெனரேட்டர் ஓடும். அவள் ஜன்னலை அடைத்து ஈரத்துண்டைத் தொங்கவிடுவாள். அப்படியும் புகை உள்ளே வரும். பாப்பாவுக்கு இழுக்கும். உடனே நெபுலைசர் வைக்க வேண்டும். நெபுலைசருக்குக் கரண்ட் வேண்டும், அந்தக் கரண்ட் ஜெனரேட்டரிலிருந்துதான் வர வேண்டும். பிள்ளைக்கு மூச்சை அடைக்கிறதும் அதுதான், மூச்சைக் கொடுக்கிறதும் அதுதான். அவள் அதை நிறுத்தவும் சொல்ல முடியாது, ஓட்டவும் சொல்ல முடியாது.

முடிந்தது ஒன்றுதான். அதன் பாரத்தைக் குறைப்பது. பாரம் குறைந்தால் புகை குறையும். ஜெனரேட்டர் ஓடும்போது மீட்டர் பேசாது, அதனால்தான் காது. பாத்திரத்தைத் தட்டி ஓட்டை கண்டுபிடிக்கிற மாதிரி அந்த உறுமலைக் கேட்டுக் கேட்டு, எது அயர்ன் பாக்ஸ், எது மிக்ஸி, எது லிஃப்ட் என்று பழகிவிட்டாள். பிள்ளையைக் கட்டிலில் உட்காரவைத்து மூக்கில் மாஸ்க்கைக் கட்டிவிட்டு, மாடி மாடியாக ஏறுவாள். "அக்கா, கொஞ்ச நேரம் அயர்ன் வேணாம் கா. பாப்பாக்கு இழுக்குது." சிலர் அணைத்தார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை.

லிஃப்டுக்குப் பக்கத்தில் அறிவிப்புப் பலகையில் நான் ஒரு தாள் ஒட்டியிருந்தேன். ஜெனரேட்டரில் ஏசி, கீசர், அயர்ன் பாக்ஸ் பயன்படுத்தக் கூடாது. இப்படிக்கு, செயலாளர். கீழே என் கையெழுத்து, கொட்டை கொட்டையாக.

இப்போது சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் சின்ன அறை ஏசி ஜெனரேட்டர் லைனில் இருந்தது.

நான் மென்பொருள் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். எனக்கு வியர்த்தால் ஆகாது, வியர்த்தால் எதிரே யார் இருந்தாலும் கடித்துவிடுவேன். வயரிங் வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "மேடம், இந்த ரூம் ஏசிய மட்டும் அந்த லைன்ல தூக்கிப் போட்டுடட்டா? வெளிய தெரியாது" என்றான். நான் சரி என்றுகூடச் சொல்லவில்லை. பேசாமல் இருந்தேன், அவன் போட்டுவிட்டான். ஒரே ஒரு அறை, ஒரே ஒரு டன், மாதம் ஒருநாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேலியே பயிரை மேய்கிறது என்று ஊரைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும் எனக்கு வாய் நீளும்.

ஒரு ஷட்டவுன் நாளில் அவள் வந்து நின்றாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"அக்கா, கனமா ஒண்ணு உக்காருது கா."

"என்னது?"

"தெரியல. மிக்ஸி இல்ல, அயர்ன் இல்ல. பத்து நிமிசம் உக்காருது, எந்திரிக்குது, திரும்ப வந்து உக்காருது. உக்காரும்போது குழாயில கறுப்பா கக்குது. நீங்க செக்ரட்டரி, நீங்க கூட வந்தா கதவத் தொறப்பாங்க. வர்றீங்களா?"

நான் ஒரு நிமிஷம் என்று உள்ளே போய் ஏசியை அணைத்துவிட்டு, அவளோடு கிளம்பினேன். ஆமாம், கிளம்பினேன். பத்து வீட்டுக் கதவைத் தட்டி, என் வீட்டு ஏசியைத் தேடினேன். இரண்டாவது மாடி சார் வீட்டில் சமையலறை வரைக்கும் போய் எட்டிப் பார்த்து, "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான் சார்" என்று வேறு சொன்னேன். அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த கம்பீரத்தை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. எதுவும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு ஷட்டவுன் நாட்களிலும் அதேதான். அவள் மணியடிப்பாள், நான் அணைத்துவிட்டு இறங்குவேன், தேடுவோம், ஜெனரேட்டர் சாதுவாக ஓடும். கடைசி முறை படியிறங்கும்போது அவள் கைப்பிடிச் சுவரில் கை வைத்து நின்றாள்.

"நீங்க கூட வந்தா அது உக்கார மாட்டேங்குது கா" என்றாள்.

முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை, வெறும் களைப்பு. "பயப்படுறாங்களோ என்னவோ" என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு அன்றைக்குக் குறுகுறுக்கக்கூட இல்லை, தப்பித்தோம் என்றுதான் இருந்தது.

மே மாதம் வந்தது. கத்திரி வெயில். ஷட்டவுன் நாளில் எனக்கு முக்கியமான ஒரு மீட்டிங், வெளிநாட்டுக்காரர்கள் திரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தது. அவளாகத்தான் இருக்கும் என்று தெரியும். எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. மைக்கை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரோ லிஃப்டில் ஏறியிருக்க வேண்டும். கீழே ஒரு முனகல், அப்புறம் பாரம் தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிட்டது. குடியிருப்பு முழுக்க ஒரே அமைதி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அந்த அமைதியில் நெபுலைசரும் நின்றிருக்கும் என்று எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஜன்னலுக்கு ஓடினேன். அவள் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஜி.எஸ்.டி ரோட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். பிள்ளையின் தலை அவள் தோளில் துவண்டு ஆடியது. தார் ரோடு கொதிக்கிற நேரம். வாட்ச்மேன் அண்ணன் பின்னால் ஓடி ஆட்டோவை மறித்தார். நான் என்ன செய்தேன்? முதலில் போய் ஏசி ஸ்விட்சை அணைத்தேன். அதற்குப் பிறகுதான் படியிறங்கினேன். அந்த வரிசையை என்னால் மாற்றி எழுத முடியவில்லை.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். இரண்டு நாள் ஆக்சிஜன் வைத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளங்காலில் கொப்புளம், கட்டுப் போட்டிருந்தார்கள். மாஸ்க்குக்குள்ளிருந்து பாப்பா என்னைப் பார்த்தது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு. இரண்டாவது மாடி சார் எடுத்த எடுப்பில் சொன்னார்: "மிஷின் சின்னது. அதான் டிரிப் ஆகுது. இதைவிட டபுளா ஒண்ணு வாங்கிட்டா யாருக்கும் பிரச்சினை இல்ல." எல்லோரும் தலையாட்டினார்கள். குழந்தையின் உயிர் விஷயம் என்று ஒருத்தர் சொன்னார். அவளுக்காகத்தான் வாங்குகிறோம் என்கிற மாதிரி எல்லோர் முகத்திலும் ஒரு கருணை.

வாடகைக்காரர்களுக்குக் கூட்டத்தில் இடமில்லை. ஆனாலும் அவள் தூணோரமாக வந்து நின்றிருந்தாள்.

"பெருசு வேணாம் சார்" என்றாள். "பெருசுனா பெருசாதான் புகை வரும். ஒரே ஒரு வூட்ல நிறுத்தினா போதும். இதுவே தாங்கும்."

"எந்த வீடுமா? சொல்லு, நிறுத்திடுவோம்" என்றார் சார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று எனக்கு உள்ளே அடித்துக்கொண்டது. பத்து வீட்டுக் கதவைத் தட்டினேனே, ரூல்னா எல்லாருக்கும் ரூல் என்றேனே, அத்தனை பேரும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்களே என்று அதைவிடப் பலமாக இன்னொன்று அடித்துக்கொண்டது.

"தெரியல சார்" என்றாள் அவள்.

நான் குனிந்து நோட்டில் எழுதினேன். பெரிய ஜெனரேட்டர் வாங்க ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

இரண்டு வாரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள். வண்டலூர் தாண்டி ஏதோ ஒரு கிராமத்துப் பக்கம் ஓட்டு வீடு கிடைத்ததாம். கணவனுக்கு வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். சனிக்கிழமை காலை டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் வெளியூர் என்பதால் சாவியை என்னிடம் கொடுக்க மூன்று மாடி ஏறி வந்தாள். கொப்புளம் ஆறியும் ஆறாத காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள்.

சாவியைக் கொடுத்தாள். போகத் திரும்பினவள் நின்றாள்.

"அக்கா, உங்க சின்ன ரூம் ஏசி ஃபில்டரக் கழட்டிக் கழுவுங்க. ரெண்டு மாசமா மூச்சு முட்டி ஓடுது. கழுவினா இவ்ளோ கரண்ட்டு இழுக்காது."

ரசத்துக்குப் பெருங்காயம் குறைவு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாள் தேடினோமே, அன்னிக்கே கா. நீங்க உள்ள போய்ட்டு வந்தீங்க, அது எந்திரிச்சிடுச்சு."

"அப்புறம் ஏன் என்னையே கூட்டிட்டுச் சுத்தின? மீட்டிங்ல ஏன் சொல்லல?"

"நீங்களே நிறுத்திடுவீங்கனு பாத்துகினு இருந்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன். கீழே டெம்போக்காரன் ஹாரன் அடித்தான். "வரேன் கா" என்று இறங்கிப் போனாள்.

ஸ்டூல் போட்டு ஏறி ஏசியைத் திறந்து ஃபில்டரை உருவினேன். விரல் பட்ட இடமெல்லாம் மை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத் தேய்த்தேன். தண்ணீர் கறுப்பாகப் போனது, தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாகவே போனது. மூன்றாவது மாடியிலேயே இவ்வளவு என்றால் கீழே அந்தப் பிள்ளை எவ்வளவு இழுத்திருக்கும். குழாயை மூடாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு ஈரக் கையோடு இரண்டாவது மாடிக்கு இறங்கிப் போய், கதவைத் திறந்த சாரிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அந்த ஒரு வீடு என் வீடுதான் சார், என் ஏசிதான் டிரிப் ஆக்கினது, பெரிய மிஷின் வேண்டாம், ஆர்டரை நிறுத்திவிடுங்கள், இன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டு நானே சொல்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். துளிக்கூடக் கோபப்படவில்லை.

"அட, விடுங்க மேடம். யார்தான் போடல. அதான் பெருசு வருதே, இனிமே எல்லாரும் தைரியமா ஏசி போட்டுக்கலாம்" என்றார்.

அவ்வளவு சுலபமாக என்னை மன்னித்துவிட்டார். மன்னிக்க வேண்டியவள் அந்நேரம் வண்டலூர் தாண்டியிருப்பாள்.